பரங்கிமலை ஓடிஏ: பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே, என்சிசி பெண்கள் பிரிவையும் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். என் பிள்ளைகளில் பாதிப்பேர் தினமும் மின்சார ரயிலில் பரங்கிமலையைத் தாண்டித்தான் வருகிறார்கள். அங்கே ராணுவ அதிகாரிகளுக்கான அகாடமி இருப்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த கேட்டுக்குள் தானும் போகலாம் என்று நினைத்துப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. அதுதான் எனக்குத் தீராத ஆதங்கம். ஸ்டாஃப் ரூம் வாசலிலும் வாட்ஸப்பிலும் வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். வயது வரம்பு, கட்டணம் போன்றவை அவ்வப்போது மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் முன் அந்த வருட அறிவிப்பை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

ஓடிஏன்னா என்ன மேடம்? அது காலேஜா, கேம்ப்பா?

ஆபீசர்ஸ் ட்ரெய்னிங் அகாடமி. பட்டம் முடித்தவர்களை எடுத்து, 49 வாரம் அங்கேயே தங்கவைத்துப் பயிற்சி கொடுத்து, லெப்டினன்ட்டாக வெளியே அனுப்பும் இடம். 1962-ல் சீனாவுடன் நடந்த போரில் அதிகாரிகள் போதவில்லை என்பது தெரிந்தது. உடனே 1963-ல் புனேயிலும் சென்னையிலும் ஆபீசர்ஸ் ட்ரெய்னிங் ஸ்கூல் என்று இரண்டைத் தொடங்கினார்கள். அவற்றில் நிலைத்தது நம்முடையதுதான். 1988 ஜனவரி 1 முதல் அதற்கு அகாடமி என்று பெயர். வயதான ராணுவத்தினர் இன்றும் பழைய பழக்கத்தில் ஓடிஎஸ் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

பயிற்சியை முடிப்பவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் பாதுகாப்பு மேலாண்மை சார்ந்த முதுநிலைப் பட்டயமும் தருகிறது. அதனால் காலேஜ் என்று சொன்னாலும் பெரிய தப்பில்லை.

என்டிஏ, ஐஎம்ஏ, ஓடிஏ எல்லாம் ஒரே காலேஜோட கிளைகளா?

தனித்தனி அகாடமிகள். ஆனால் ஒரே ராணுவத்துக்குள் போகும் வெவ்வேறு வாசல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள என்டிஏ, அதாவது நேஷனல் டிபென்ஸ் அகாடமி, ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு. அங்கே மூன்று வருடம் முப்படைக்கும் சேர்த்துப் படித்த பிறகு, தரைப்படைக்காரர்கள் டேராடூனில் உள்ள ஐஎம்ஏவுக்கு, அதாவது இந்தியன் மிலிட்டரி அகாடமிக்குப் போவார்கள். ஐஎம்ஏ 1932-ல் தொடங்கியது. பட்டதாரி ஆண்கள் நேரடியாகவும் அங்கே சேரலாம். கடற்படைக்குக் கேரளத்தில் எழிமலை, விமானப்படைக்கு ஹைதராபாத் அருகே துண்டிகல். 2011-ல் பீகாரின் கயாவிலும் ஓர் ஓடிஏ தொடங்கினார்கள்.

ஐஎம்ஏவில் முடிப்பவர்களுக்கு நிரந்தரப் பணி. ஓடிஏவில் முடிப்பவர்களுக்கு ஷார்ட் சர்வீஸ், அதாவது குறிப்பிட்ட காலப் பணி. முக்கியமான வித்தியாசம் இதுதான். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

குன்னூர் வெலிங்டனில் ஒரு கல்லூரி இருக்கிறதே, அதில் சேரலாமா என்றும் கேட்கிறார்கள். அது ஏற்கெனவே அதிகாரிகளாக இருப்பவர்கள் மேற்படிப்புக்குப் போகும் இடம். உங்கள் பிள்ளை மேஜர் ஆன பிறகு யோசிக்கலாம்.

ப்ளஸ் டூ முடிச்சதும் ஓடிஏவுல சேர முடியுமா?

முடியாது, பட்டம் வேண்டும். ப்ளஸ் டூவோடு போக ஆசைப்பட்டால் என்டிஏ தேர்வு எழுதுங்கள். யுபிஎஸ்சி வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. தரைப்படைக்கு எந்த குரூப் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். ஆனால் காமர்ஸ் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்கணும்: கணிதத் தாள் 300 மதிப்பெண், எல்லாரும் எழுதியே ஆகவேண்டும்.

என் பையன் அஞ்சாவதுதான் படிக்கிறான். இப்பவே ஏதாவது பண்ணணுமா?

கட்டாயம் எதுவும் இல்லை. ஆர்வமிருந்தால் உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் சைனிக் பள்ளி இருக்கிறது. 1962 முதல் நடக்கிறது. ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் சேர்க்கிறார்கள். ஆறாம் வகுப்பு நுழைவுத்தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், பெண் பிள்ளைகளும் சேரலாம். இன்னொன்று டேராடூனில் உள்ள ஆர்ஐஎம்சி என்ற ராணுவப் பயிற்சிப் பள்ளி, 1922-ல் தொடங்கியது. அங்கே எட்டாம் வகுப்பில்தான் சேர்க்கை. நம் மாநிலத்தில் அதற்கான எழுத்துத்தேர்வை டிஎன்பிஎஸ்சி நடத்துகிறது. இந்தச் செய்தி சென்னையில் நிறையப் பெற்றோருக்குத் தெரிவதே இல்லை.

ஃபீஸ் எவ்வளவு ஆகும்? லோன் போடணுமா?

ஒரு பைசா ஃபீஸ் கிடையாது. பயிற்சிக் காலத்தில் அவர்கள்தான் உங்களுக்கு மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள். பட்டதாரிகள் எழுதும் சிடிஎஸ் என்ற எழுத்துத்தேர்வுக்குக் கட்டணம் 200 ரூபாய். பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் அதுவும் இல்லை. அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்பி என்ற ஐந்து நாள் நேர்முகத்துக்கு முதல்முறை போகும்போது ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள், டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அங்கே சாப்பாடும் தங்குவதும் இலவசம்.

ஒரு தறி நெசவாளர் என்னிடம் வந்து, நகையை அடகு வைத்தால் போதுமா என்று கேட்டார். அந்த நகை அவர் வீட்டிலேயே இருக்கட்டும் என்றுதான் இந்தப் பதிலை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எந்தெந்த வழியா உள்ளே போகலாம்?

பெரும்பாலோர் வருவது யுபிஎஸ்சி நடத்தும் சிடிஎஸ் வழியாக. வருடத்துக்கு இருமுறை, எந்தப் பட்டமானாலும் சரி, வயது 19 முதல் 25. ஓடிஏவுக்கு மட்டும் எழுதினால் ஆங்கிலம், பொது அறிவு என்று இரண்டே தாள், தலா 100 மதிப்பெண். கணிதம் கிடையாது. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பதால் குருட்டாம்போக்கில் குறிக்காதீர்கள். பொது அறிவுக்கு என் பிள்ளைகள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படித்தே தேறியிருக்கிறார்கள்.

பொறியியல் படித்தவர்களுக்கு எழுத்துத்தேர்வே இல்லாத தனி வழி இருக்கிறது, வயது 20 முதல் 27. சட்டம் படித்தவர்களுக்கு ராணுவத்தின் சட்டப்பிரிவு. என்சிசிக்காரர்களுக்கு இன்னொரு வழி, அது அடுத்த கேள்வியில். எந்த வழியாக வந்தாலும் எஸ்எஸ்பியும் மருத்துவப் பரிசோதனையும் எல்லாருக்கும் பொது.

சி சர்டிபிகேட் இருந்தா நேரா எடுத்துப்பாங்களாமே?

நேராக எஸ்எஸ்பிக்குக் கூப்பிடுவார்கள். அந்தச் சலுகை அதோடு முடிகிறது. 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும், பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும். மூன்று வருடம் பரேடுக்கு ஒழுங்காக வந்து கடைசியில் சான்றிதழ்த் தேர்வை அலட்சியமாக எழுதி 'சி' கிரேடு வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு அடித்துக்கொள்ளும்.

எனக்கு அரியர் இருக்கு. அப்ளை பண்ணலாமா?

கடைசி வருடத்தில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். அறிவிப்பில் சொன்ன தேதிக்குள் பட்டம் பெற்றதற்கான அத்தாட்சியைக் காட்டவேண்டும். ஆகவே அரியரோடு எஸ்எஸ்பிவரை போகலாம், அகாடமிக்குள் போக முடியாது. எல்லாவற்றிலும் தேறி, ஒரு பேப்பரால் சேர முடியாமல் போனால் அந்த வலி லேசில் ஆறாது. முதலில் அதை கிளியர் பண்ணுங்கள்.

இங்கிலீஷ் சரியா வராது, இந்தி சுத்தமா தெரியாது. எனக்கெல்லாம் சான்ஸே இல்லையா?

இருக்கிறது. ஆங்கிலத்தில் தங்குதடையில்லாமல் பொழியவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நினைத்ததைச் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லத் தெரிந்தால் போதும். ஆனால் எழுத்துத்தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இது கூடுதல் சுமைதான், அதை நான் மறைக்கமாட்டேன். முதல் வருடத்திலிருந்தே தினம் அரைமணி நேரம் ஆங்கில நாளிதழைச் சத்தமாக வாசித்தவர்கள் மூன்றாம் வருடத்தில் பேசிவிடுகிறார்கள்.

இந்தி இல்லாமலே உள்ளே போகலாம். வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கும். அணிவகுப்புக் கட்டளைகளான சாவ்தான், விஷ்ராம் எல்லாம் என்சிசியிலேயே பழகிய சொற்கள்தான். சிப்பாய்களோடு பேச இந்தி தேவைப்படும், அது போகப்போக வந்துவிடும். மெட்ராஸ் ரெஜிமென்ட் மாதிரியான படைப்பிரிவுக்குப் போகும் வடநாட்டு அதிகாரி நம் மொழிகளைக் கற்றுக்கொள்கிறார். மொழி கற்பது எல்லாருக்கும் உள்ள வேலை.

எஸ்எஸ்பில அஞ்சு நாள் என்னதான் பண்ணுவாங்க?

பெங்களூரு, போபால், பிரயாக்ராஜ், ஜலந்தர் ஆகிய ஊர்களில் தரைப்படைக்கான தேர்வு மையங்கள் உள்ளன. போனதும் நெஞ்சில் ஓர் எண் கட்டிவிடுவார்கள். அங்கிருக்கும்வரை அந்தச் செஸ்ட் நம்பர்தான் உங்கள் பெயர். முதல் நாள் ஸ்க்ரீனிங். சில அறிவுத்திறன் கேள்விகள், பிறகு மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டி ஒரு கதை எழுதச் சொல்வார்கள். அதைக் குழுவாக உட்கார்ந்து விவாதிக்கவேண்டும். நிறையப்பேர் அன்றே திரும்பிவிடுவார்கள்.

தங்கியவர்களுக்கு உளவியல் தேர்வு. 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி, மனதில் தோன்றுவதை எழுதவேண்டும். இக்கட்டான 60 சூழ்நிலைகள், அரைமணி நேரம். யோசித்து நடிக்க நேரம் இருக்காது. அதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். பிறகு மைதானத்தில் பலகையும் கயிறும் பீப்பாயும் கொடுத்து, குழுவாகத் தடையைத் தாண்டச் சொல்வார்கள். தனி நேர்முகமும் உண்டு. கடைசி நாள் கான்ஃபரன்ஸ், அன்றே முடிவு.

நேர்முகத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். என் மாணவி ஒருத்தியின் அப்பா தள்ளுவண்டியில் இட்லிக்கடை வைத்திருந்தார். படிவத்தில் அப்பாவின் தொழிலை 'பிசினஸ்' என்று எழுதட்டுமா என்று தயங்கினாள். உள்ளதையே எழுது என்றேன். நேர்முகத்தில் இருபது நிமிடம் அந்தக் கடையைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து, மழை வந்தால் மாவை என்ன செய்வது, கடன் சொல்லிப் போகிறவர்களின் கணக்கை யார் எழுதுவது என்று. விடியற்காலை நாலு மணிக்கு அப்பாவோடு மாவு வாளி தூக்கியவள், தடுமாறாமல் சொல்லியிருக்கிறாள். அவள் தேர்வானாள். அதே பேட்ச்சில் பொழுதுபோக்கு என்று 'வாசிப்பு' எழுதிய இன்னொருத்தி, கடைசியாகப் படித்த புத்தகத்தின் பெயர் வராமல் விழித்தாள்.

மூணு தடவை ஸ்க்ரீன் அவுட் ஆயிட்டேன். இதோட விட்டுடலாமா?

வயது இருக்கும்வரை முயற்சிக்குக் கணக்கில்லை. ஐந்தாறு முறை போய்த் தேறியவர்கள் உண்டு. ஆனால் அதே கதையை, அதே மாதிரி மறுபடி போய்ச் சொன்னால் முடிவும் அதே மாதிரிதான் இருக்கும். குழு விவாதத்தில் வாயே திறக்கவில்லையா, இல்லை அடுத்தவரைப் பேசவிடாமல் கத்தினீர்களா என்று யோசியுங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். கூடவே ஒரு வேலையோ மேற்படிப்போ கையில் இருக்கட்டும். சும்மா உட்கார்ந்து அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்கும் மனநிலை எஸ்எஸ்பியில் முகத்திலேயே தெரிந்துவிடும்.

அஞ்சு லட்சம் கொடுத்தா சீட் வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார். நம்பலாமா?

கூடாது. மேலே எஸ்எஸ்பி பற்றிச் சொன்னதை இன்னொருமுறை படியுங்கள். உளவியலாளர், மைதான அதிகாரி, நேர்முக அதிகாரி மூவரும் தனித்தனியாக மதிப்பிடுகிறார்கள். பணத்தை யாரிடம் கொடுத்து எதை மாற்ற முடியும்? என் மாணவன் ஒருவனின் அப்பா ஓர் ஏஜென்ட்டிடம் இரண்டு லட்சம் கொடுத்தார். கையில் அரசு முத்திரையோடு ஒரு போலி அழைப்புக்கடிதம் வந்தது. பையன் பெட்டியோடு பரங்கிமலை கேட்டுக்குப் போய் நின்றான். காவலுக்கு இருந்த ஜவான் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது அந்தப் பையன் அழுதான். உடனே போலீசில் புகார் கொடுக்கவைத்தோம். நீங்களும் அதையே செய்யுங்கள்.

கண்ணாடி போட்டிருக்கேன். கையில டாட்டூ வேற இருக்கு. மெடிக்கல்ல தூக்கிடுவாங்களா?

கண்ணாடி போட்டாலே தகுதியில்லை என்பது தவறு. தரைப்படையில் குறிப்பிட்ட பவர்வரை அனுமதி உண்டு. விமானிகளுக்குத்தான் மிகக் கறார். டாட்டூ, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை உள்பக்கத்திலும் புறங்கையிலும் இருந்தால் பரவாயில்லை. வேறு இடத்தில் நிரந்தரமாகக் குத்தியிருந்தால் சிக்கல். மருத்துவத்தில் தகுதியில்லை என்று சொன்னாலும் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவிடம் போகலாம், 42 நாள் அவகாசம். காதில் அழுக்கு, கூடுதல் எடை, சொத்தைப்பல் போன்ற சின்னக் காரணங்களுக்காக அந்த அவகாசத்தை வீணாக்காதீர்கள். எஸ்எஸ்பிக்குப் போகும் முன்பே சரிசெய்துவிடுங்கள்.

இடஒதுக்கீடு உண்டா?

அதிகாரிகள் தேர்வில் சாதி அடிப்படையிலான இடஒதுக்கீடு இல்லை. கட்டணச் சலுகை மட்டும், முன்பே சொன்னபடி.

அக்னிவீரும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. அக்னிவீர் 2022-ல் வந்த திட்டம், சிப்பாய்களாகச் சேர்ந்து நான்கு வருடப் பணி. அதில் 25 சதவீதம்வரை தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். ஓடிஏவில் சேர்பவர் முதல் நாளிலிருந்தே அதிகாரியாவதற்குப் பயிற்சி பெறுகிறார். பட்டம் கையில் இருக்கும் பிள்ளை, இப்படி ஒரு வாசல் இருப்பதே தெரியாமல் முடிவெடுத்துவிடக்கூடாது என்பது என் கருத்து.

பொண்ணை அனுப்பப் பயமா இருக்கு. அங்க பொம்பளப் புள்ளைங்க தாங்குவாங்களா?

அம்மாக்கள் இதைக் கேட்கும்போது குரல் தாழ்ந்துவிடும். 1992 செப்டம்பரில் பெண்களின் முதல் அணி பயிற்சிக்கு வந்தது இதே பரங்கிமலைக்குத்தான். பிரியா ஜிங்கன் என்ற பெண்ணுக்குக் கிடைத்த சேர்க்கை எண் 001. முப்பது வருடத்துக்கும் மேலாகப் பெண்கள் இங்கே பயிற்சி பெற்றுப் போகிறார்கள். ஆண்களுக்கு இருக்கும் அதே 49 வாரம்தான் இவர்களுக்கும். ஆப்கானிஸ்தானிலிருந்துகூடப் பெண் அதிகாரிகள் வந்து இங்கே பயிற்சி பெற்றிருக்கிறார்கள்.

நிரந்தரப் பணி எல்லாப் பிரிவிலும் பெண்களுக்குக் கிடைக்காமல் நெடுங்காலம் இருந்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. 2023 ஏப்ரலில் ஓடிஏவிலிருந்து ஐந்து பெண்கள் பீரங்கிப் படைக்கே போனார்கள். காலாட்படையும் கவசப்படையும் இதுவரை திறக்கவில்லை. என்டிஏவில் சேர்ந்த முதல் பெண்கள் அணியும் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளிவந்துவிட்டது.

தாங்குவார்களா என்றால், உடம்பைத் தயார்செய்தவர்கள் தாங்குகிறார்கள். போகும் முன் ஆறு மாதமாவது தினம் ஓடவேண்டும். ஆண்களுக்கு 2.4 கிலோமீட்டரைப் பத்தரை நிமிடத்தில் ஓடிப் பழகிவரச் சொல்கிறார்கள். பெண்களுக்கு நேரம் கொஞ்சம் கூடுதல். பள்ளிக்கரணை பக்கத்துப் பெண் ஒருத்தி தெருவில் ஓட வெட்கப்பட்டு, மொட்டைமாடியிலேயே ஓடிப் பழகினாள். மாடியில் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை சுற்று என்று அவளுடைய தம்பி சுண்ணாம்பால் சுவரில் கோடு போட்டு எண்ணுவான். இரண்டாவது மாதம் அவளுடைய அம்மாவே அவளை மேடவாக்கம் சாலைக்குக் கூட்டிப்போய் ஓடவிட்டார்.

எங்க வீடு நங்கநல்லூர்தான். வாரா வாரம் வந்துட்டுப் போகலாமா?

வீடு கூப்பிடு தூரம்தான், ஆனாலும் வர முடியாது. முழுக்க உள்ளேயே தங்கிப் படிக்கும் இடம். தொடக்கத்தில் வெளியே விடமாட்டார்கள். பிறகும் அனுமதி கொடுத்த நாட்களில்தான் வெளியே வரலாம். இரண்டு டேர்முக்கு நடுவே விடுமுறை உண்டு. வீட்டுக்கு அருகே இருப்பதால் ஏக்கம் கூடும் என்று முன்னால் போனவர்கள் சொல்வார்கள். தயிர்சாதம் கட்டிக்கொண்டு கேட்டில் போய் நிற்காதீர்கள். உள்ளே இருக்கும் பிள்ளைக்குத்தான் சங்கடம்.

பயிற்சி முடியும்வரை திருமணமும் கூடாது. ஜாதகம் எடுத்துவைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

சென்னையில ட்ரெய்னிங்னா சென்னையிலேயே போஸ்டிங்கா?

இல்லை. லே முதல் அந்தமான்வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். எந்தப் படைப்பிரிவு என்பது பயிற்சியின் முடிவில் தெரியும். அதில் தமிழ்நாடு என்று தனியாகக் கேட்டு வாங்க முடியாது.

பத்து வருஷம் கழிச்சு வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாமே? பென்ஷன்?

ஷார்ட் சர்வீஸ் என்பது 10 வருடம், விரும்பினால் இன்னும் 4 வருடம் நீட்டிக்கலாம். பத்தாம் வருடம் நிரந்தரப் பணிக்கு விண்ணப்பிக்கலாம், எல்லாருக்கும் கிடைக்காது. பதினான்கு வருடத்தோடு வெளியே வருபவர்களுக்கு பணிக்கொடை உண்டு, பென்ஷன் கிடையாது. இதை முன்பே தெரிந்துகொண்டு போகவேண்டும். முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயதில் ஆட்களை நடத்தத் தெரிந்த ஒருவருக்கு வெளியே வேலை கிடைக்கும் என்பது என் நம்பிக்கை. வெளியே வந்து நன்றாக இருப்பவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஆனாலும் ஓய்வூதியம்தான் முக்கியம் என்று நினைக்கும் குடும்பம் என்டிஏ, ஐஎம்ஏ பக்கம் பார்ப்பது நல்லது.

மேஜர் முகுந்த் இங்கதான் ட்ரெய்னிங் எடுத்தாரா?

ஆமாம். தாம்பரத்தில் வளர்ந்த முகுந்த் வரதராஜன் வணிகவியல் பட்டமும், கிறித்தவக் கல்லூரியில் இதழியல் பட்டயமும் முடித்தவர். ஓடிஏவிலிருந்து 2006-ல் ராஜ்புத் ரெஜிமென்ட்டுக்குப் போனார். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியானில் வீரமரணம் அடைந்தார். அசோக சக்கரம் வழங்கப்பட்டது. அவர் படித்தது காமர்ஸ் என்று சொன்னவுடன் என் பி.காம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அகாடமியின் அணிவகுப்பு மைதானத்துக்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர். மகார் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த அவர் 1972-ல் இங்கிருந்து போனவர். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் உயிர்நீத்து, பரம்வீர் சக்கரம் பெற்றார். ஒவ்வொரு அணியும் அந்த மைதானத்தில் அணிவகுத்து நடந்துதான் அதிகாரியாக வெளியே வருகிறது.

சேர்ந்தப்புறம் பிடிக்கலைன்னா வந்துடலாமா?

வரலாம், ஆனால் சொந்தக் காரணத்துக்காக விலகினால் அதுவரை ஆன பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டவேண்டும். ஃபீஸ் இல்லை என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு. சேரும்போது பெற்றோரும் கையெழுத்துப் போடும் பத்திரத்தில் இது இருக்கும், வாசித்துவிட்டுப் போடுங்கள். உடல்காயத்தால் தொடர முடியாமல் போவது வேறு கணக்கு.

முதல் ஆறு வாரத்தில் அழுது போன் பண்ணாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. என்னை அழைத்து, "மேடம், நாளைக்கே பேப்பர் போட்டுடறேன்" என்பார்கள். சரி, ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்பேன். ஞாயிற்றுக்கிழமை அழைத்தால் பூட்ஸ் பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பதாகவும், அப்புறம் பேசுவதாகவும் சொல்லி வைத்துவிடுவார்கள்.